பிரம்பும் பூட்டும் போதா, பயிற்சி வேண்டும்

உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு எந்தத் துன்பம் வந்தாலும் முதலில் குற்றம் சாட்டப்படுபவர்கள் பெற்றோர்கள்தாம். பிள்ளை இளைத்தால் தாய் கவனிக்கவில்லை என்பார்கள். தேர்வில் தவறினால் தகப்பன் கண்டிக்கவில்லை என்பார்கள். இப்போது பிள்ளை இரவெல்லாம் கைப்பேசியோடு விழித்துக் கிடந்தால், 'வளர்ப்பு சரியில்லை' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. அதே நேரத்தில், 'காலம் கெட்டுவிட்டது' என்று பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கவும் நாம் தயாராக இல்லை.

முதலில், எது நோய், எது நோயல்ல என்பதில் தெளிவு வேண்டும். கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் நோயாளிகள் அல்லர். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றிருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள். விளையாட்டை நிறுத்த முடியாமல் கட்டுப்பாடு தளர்வது ஒன்று. உணவு, உறக்கம், படிப்பு, நட்பு எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளுவது இரண்டு. கேடு விளைகிறது என்று தெரிந்த பின்னும் தொடர்வது மூன்று. சாதாரணமாக 12 மாதங்களாவது இந்நிலை நீடித்தால்தான் நோய் என்று முடிவு கட்டுவார்கள். குறும்படக் காணொளிகளிலும் சமூக வலைத்தளங்களிலும் மூழ்கிக் கிடப்பதற்கு அப்பட்டியலில் தனித் தலைப்பு இல்லை. ஆனாலும் அதனால் உறக்கமும் படிப்பும் கெடுவதை நாம் வீட்டுக்கு வீடு காண்கிறோம்.

குற்றவாளி யார்? 2016-க்குப் பிறகு இணையம் மலிவாக வாரி இறைக்கப்பட்டது. 2020-இல் கொரோனா வந்து பள்ளிகள் பூட்டப்பட்டபோது, 'பாடம் கைப்பேசியில்தான்' என்று அரசே பிள்ளைகளின் கையில் அதைத் திணித்தது. அதற்குள் இருந்த பொறிகளை யாரும் விளக்கவில்லை. எப்போது பரிசு வரும் என்று தெரியாதபடி விட்டுவிட்டுக் கொடுப்பது, ஒரு காணொளி முடியுமுன் அடுத்ததை ஓடவிடுவது, ஒருநாள் வராவிட்டால் சேர்த்த புள்ளி போய்விடும் என்று மிரட்டுவது - இவை தற்செயலாக அமைந்தவை அல்ல. சூதாட்ட இயந்திரத்தில் பழகிய உத்திகளே இவை. படித்த பொறியாளர்களின் கூட்டம் ஒரு பக்கம். பத்துக்குப் பத்து அறையில் தனியே இருக்கும் பதின்மூன்று வயதுப் பையன் மறுபக்கம். இது சமமான போட்டியா?

நம் குடியிருப்புகளின் நிலையையும் பாருங்கள். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் தாய் வீட்டுவேலைக்குப் போகிறாள். தகப்பன் பட்டறையிலோ சுமைவண்டியிலோ இருக்கிறான். விளையாட மைதானம் இல்லை. சாலுக்கு வெளியே வண்டிகள் பாய்கின்றன. அந்த ஒரு கைப்பேசிதான் பள்ளிக்கூடம், அதுதான் பணம் அனுப்பும் அஞ்சலகம், அதுதான் ஊரிலிருக்கும் பாட்டியின் முகம். சாராயத்தை விடு என்பதுபோல் அதை அடியோடு விடு என்று சொல்லிவிட முடியாது. எனவேதான் இந்தச் சிக்கலுக்கு வேறு அறிவு வேண்டியிருக்கிறது.

சட்டம் போதாதா என்று கேட்கலாம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டுவரை சிறை, 1 கோடி ரூபாய்வரை அபராதம் என்று அது சொல்கிறது. ஆடி ஏமாந்தவனைத் தண்டிக்கவில்லை. இதை வரவேற்கிறோம். ஆனால் ஏற்கெனவே கடனில் மூழ்கி மனைவியிடம் சொல்ல முடியாமல் தவிப்பவனை அந்தச் சட்டம் கைகொடுத்துத் தூக்கிவிடுமா? பணமில்லா விளையாட்டில் இரவைத் தொலைக்கும் மாணவனை அது தொடவே இல்லை. தென்கொரியா 2011-இல் 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை இணைய விளையாட்டு ஆடக்கூடாது என்று சட்டம் போட்டது. பத்தாண்டு கழித்து அதை அந்நாடே விலக்கிக்கொண்டது. கதவைப் பூட்டுவதோடு வேலை முடிந்துவிடாது என்பதற்கு இது சான்று.

வைத்தியம் உண்டா? உண்டு. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில் 2014 முதலும், தில்லி எய்ம்ஸில் 2016 முதலும் இதற்கென்று தனிப் பிரிவுகள் இயங்குகின்றன. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற அரசுத் தொலைபேசிச் சேவையில் 14416 என்ற எண்ணை அழைத்தால் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள். ஆனால் ஒரு நாட்டுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க சிறப்புப் பிரிவுகள் போதுமா? பிள்ளையை முதலில் சந்திப்பவர் நிமான்ஸ் மருத்துவர் அல்லர். மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை, தெரு முனை டாக்டர், வீடு வீடாக வரும் ஆரோக்கிய சேவிகா, நம் சங்கத்துச் செயலாளர் - இவர்களே முதலில் சந்திக்கிறார்கள். இவர்களுக்கு யார் பயிற்சி தந்தார்கள்?

இங்கேதான் புலம்பெயர்ந்த நமக்குரிய தனிச் சிக்கல் வருகிறது. ஆலோசகர் மராத்தியிலோ இந்தியிலோ கேட்கிறார். தாய்க்குத் தமிழைத் தவிர வேறு தெரியாது. இடையில் மொழிபெயர்ப்பவன் யார்? அந்தப் பையனேதான்! தன் குற்றச்சாட்டைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளை, எதைச் சொல்லுவான், எதை விழுங்குவான்? 'உறக்கமே இல்லை' என்று தாய் அழுதால், 'கொஞ்சம் நேரம் கழித்துத் தூங்குகிறேனாம்' என்று அவன் சொல்லி முடித்துவிடுவான். தாய் மொழியில் ஆலோசனை கேட்பது சலுகை கேட்பதாகாது. அது இல்லாமல் சிகிச்சையே இல்லை.

பயிற்சி என்றால் என்ன? ஆசிரியரும் சுகாதாரப் பணியாளரும் கற்கவேண்டியவை சில. பிள்ளையைக் கூட்டத்தில் அவமானப்படுத்தாமல் தனியே உட்காரவைத்துக் கேட்பது. எத்தனை மணி நேரம் என்பதோடு நில்லாமல், உறக்கம் எப்படி, பள்ளி எப்படி, கைப்பேசிக்கு முன்னால் என்ன துயரம் இருந்தது என்று விசாரிப்பது. மனச்சோர்வு, அச்சம், கவனக்குறைவுக் கோளாறு, பள்ளியில் கேலி ஆகியவை பின்னால் ஒளிந்திருக்கலாம். அவற்றை இனங்கண்டு பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவது. சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் அழைத்துச் செல்வது.

குடும்பம் கற்கவேண்டியவையும் உண்டு. நள்ளிரவில் பாய்ந்து பிடுங்குவதால் சண்டைதான் மிஞ்சும். பகலில், எல்லாரும் அமைதியாக இருக்கும் வேளையில், நேரத்தைப் பேசி முடிவு செய்யுங்கள். ஒரேயடியாக வெட்டாமல் படிப்படியாகக் குறையுங்கள். படுக்கும் இடத்தில் கைப்பேசி வேண்டாம். எடுத்த இடத்தில் ஒன்றை வையுங்கள்: கபடியோ, கேரமோ, சங்க நூலகமோ. இடையில் பிள்ளை ஒருமுறை சறுக்கினால் எல்லாம் பாழ் என்று கைவிடாதீர்கள். தகப்பன் சோற்றுத் தட்டின் முன் காணொளி பார்த்துக்கொண்டு பிள்ளையை அதட்டினால் அந்தச் சொல் எடுபடுமா? விதி வீட்டுக்குப் பொதுவாக இருக்கவேண்டும்.

இன்னொன்றையும் உரத்துச் சொல்லவேண்டும். 'கைப்பேசி நோய்' என்ற பெயரில் பெண்பிள்ளைகளின் கையிலிருந்து மட்டும் அதைப் பறித்து, படிப்பையும் நட்பையும் அடைக்கும் ஆணாதிக்கம் நம்மிடையே இருக்கிறது. அதற்கு வைத்தியம் என்று பெயர் சூட்ட அனுமதிக்க மாட்டோம்.

சாதாரண மக்களால் இது ஆகுமா என்று ஐயுறுவோர் கோவாவைப் பார்க்கட்டும். அங்கே 'சங்காத்' அமைப்பு, மருத்துவப் பட்டம் இல்லாதவர்களுக்குப் பயிற்சி தந்து அரசுச் சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு, மனப்பதற்ற நோயாளிகளுக்குத் துணையாக நிறுத்தியது. அது பலன் தந்ததென 2010-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் ஆய்வை வெளியிட்டது. நோய் வேறு என்றாலும் வழி நமக்கும் உரியதே. நம் மராட்டிய மாநிலத்திலேயே சாங்லி மாவட்டத்து மோகித்யாஞ்சே வட்காவ் கிராமம், 2022-இல் மாலை 7 மணிக்குச் சங்கு ஊதி, ஒன்றரை மணி நேரம் ஊர் முழுவதும் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் அணைத்தது. பெரியவர்களும் சேர்ந்து அணைத்தார்கள் என்பதே அதன் சிறப்பு.

'வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லாதபோது இதெல்லாம் பணக்காரன் நோய்' என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். பணக்காரனுக்கு நோய் வந்தால் தனி ஆலோசகர் வீட்டுக்கு வருவார். நம் பிள்ளைக்கு வந்தால் ஒரு கல்வியாண்டு போகும். பிறகு பட்டறை வாசல்தான். படிப்பொன்றையே மூலதனமாகக் கருதி ஊரைவிட்டு வந்த மக்களுக்கு இதைவிடப் பெரிய வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை எது?

ஆகவே நாம் வற்புறுத்துகிறோம்: மாநகராட்சி தன் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஆரோக்கிய சேவிகாக்களுக்கும் ஊதியத்தோடு கூடிய பயிற்சி தரவேண்டும். பெரிய மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் தமிழ் அறிந்த ஆலோசகர் இருக்கவேண்டும். பிள்ளைகளைப் பிடித்துவைக்கும் உத்திகளுக்கு அரசு கடிவாளம் போடவேண்டும். அரசு அசையும்வரை நாம் சும்மா இருக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு கிளைச் சங்கமும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்றத்தைத் திறந்து, மருத்துவர் ஒருவரை அழைத்து, தாய்மார்களையும் தகப்பன்மார்களையும் உட்காரவைக்கட்டும். இரவுப் பள்ளி நடத்தி எழுத்தறிவு தந்த இயக்கங்களின் வழி வந்தவர்கள் நாம். இந்தப் புதுப் பாடத்தையும் நடத்த நம்மால் முடியும், நடத்துவோம்!