முகாம் போட்டால் கணக்கு தீர்ந்துடுமா?

நெய்வேலி பற்றி எப்போது எழுதினாலும் கமெண்ட்டில் யாராவது ஒருவர் வந்துவிடுகிறார். "டாக்டர், என்எல்சி சுத்தி இருக்கிற ஊருக்கெல்லாம் எவ்வளவு செஞ்சிருக்கு தெரியுமா? ஸ்கூலுக்குக் குடுத்திருக்கு, ஏரி தூர்வாரியிருக்கு, மரம் நட்டிருக்கு, மருத்துவ முகாம் போடுது. நல்லதைப் பேசவே மாட்டீங்களா?"

பேசலாமே. இன்னைக்கு அந்த நல்லதைப் பற்றித்தான் பேசப்போறேன். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையாகப் படிங்க.

1956-ல் தொடங்கிய மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம் அது. அறுபது வருடத்துக்கும் மேலாக நம் வீட்டு விளக்கு அந்த மண்ணின் பழுப்பு நிலக்கரியில் எரிகிறது. டவுன்ஷிப்பில் ஆஸ்பத்திரி இருக்கிறது, பள்ளிகள் இருக்கின்றன. சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் சுற்றுவட்டார வயல்களுக்குப் பாய்கிறது. வாலாஜா ஏரியைத் தூர்வாரிக் கொடுத்தார்கள். இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் இதை "உதவி" என்று சொல்லும்போதுதான் எனக்குச் சண்டை வருகிறது.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள எந்த நிறுவனமும், முந்தைய மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தே ஆகணும். சிஎஸ்ஆர் சிஎஸ்ஆர் என்று சொல்கிறோமே, அது இதுதான். சட்டம் செய்யச் சொன்னதைச் செய்கிறார்கள். ஒழுங்காக வரி கட்டினார் என்பதற்காக நாம் யாருக்கும் மாலை போடுவதில்லை.

2021-ல் விதிகளைத் திருத்தியபோது இன்னொன்றையும் தெளிவாக எழுதினார்கள். வேறு ஏதாவது சட்டத்தின் கீழ் ஏற்கெனவே செய்தாக வேண்டிய வேலையை சிஎஸ்ஆர் கணக்கில் எழுதக்கூடாது. சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கும்போது நிபந்தனையாக ஒப்புக்கொண்டு நட்ட மரம் கடமை. அதை நன்கொடை என்று சொல்வது, வாங்கின கடனைத் திருப்பிக் கொடுத்துட்டு மொய் எழுதச் சொல்ற மாதிரி. அடுத்த முறை எந்த நிறுவனத்தின் போஸ்டரிலாவது "இத்தனை லட்சம் மரம்" என்று பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்க. இதில் நிபந்தனைக்காக நட்டது எத்தனை? நட்டதில் இன்னைக்கு உயிரோடு நிற்பது எத்தனை?

மரத்தை வனத்துறைக்காரங்க பேசட்டும். எனக்குத் தெரிந்தது மருத்துவம். முகாமுக்கு வர்றேன்.

முகாம்னா என்னன்னு அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்த ஆள் சொல்றேன், கேளுங்க. காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு வரை. மூன்று டாக்டர். முந்நூறு பேர் வரிசையில். ஆளுக்கு இரண்டரை நிமிடம்கூட வராது. பிபி பார்ப்போம், சுகர் பார்ப்போம், கண்ணில் டார்ச் அடிப்போம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, ஒரு இருமல் டானிக், பத்து நாளைக்கு வலி மாத்திரை. பேனருக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ. "பயனாளிகள் 300" என்று அறிக்கை போகும்.

பல வருடம் முன்பு இப்படி ஒரு முகாமுக்குப் போயிருந்தேன். நெய்வேலி இல்லை, வேறு மாவட்டம், வேறு நிறுவனம், பேர் வேண்டாம். ஒரு அம்மா வந்தாங்க. ஐம்பது வயசு இருக்கும். பீடி சிகரெட் கிடையாது. விறகடுப்பை விட்டும் பல வருஷம் ஆச்சு. ஆனா நாலு வார்த்தை பேசினா மூச்சு வாங்குது. ஊதிப் பார்க்கிற மிஷின், அதான் ஸ்பைரோமெட்ரி, இருக்கான்னு கேட்டேன். "அதெல்லாம் லிஸ்ட்டுல இல்ல டாக்டர்." நெஞ்சக மருத்துவரைப் பாருங்கன்னு சீட்டு எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா போனாங்களா, என்ன நோய்னு கண்டுபிடிச்சாங்களா, பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே மூச்சிரைப்பு இருக்கா என்று கேட்கும் பொறுப்பு அந்த முகாமில் யாருக்கும் இல்லை. அறிக்கையில் அவங்க முந்நூறில் ஒருத்தர்.

பிபியும் சுகரும் பார்க்கத்தான் முகாம் என்றால், அதற்கு அரசே "மக்களைத் தேடி மருத்துவம்" என்று 2021-லிருந்து வீட்டு வாசலுக்கு வருகிறது. அரசு ஏற்கெனவே செய்வதை ஒரு மின் நிறுவனம் வருடத்தில் சில நாள் திரும்பச் செய்வதால் என்ன கூடுதல்? அந்த நிறுவனம் மட்டுமே செய்யக்கூடிய, செய்ய வேண்டிய வேலை வேறு.

புகைபோக்கியிலிருந்து என்ன வருகிறது என்பதை முதலில் புரிஞ்சுக்கணும். பழுப்பு நிலக்கரியில் ஈரம் அதிகம், ஒரு டன்னுக்குக் கிடைக்கும் வெப்பம் குறைவு. அதனால் அதே மின்சாரத்துக்கு அதிகக் கரி எரிக்கணும். எரிந்தால் சாம்பல், கந்தக டை ஆக்சைடு, கொஞ்சம் பாதரசம். கந்தகப் புகை காற்றிலேயே வினைபுரிந்து நுண்துகளாக மாறும். பிஎம் 2.5 என்று செய்தியில் படிக்கிறீங்களே, தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடி அதைத் தடுக்காது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். சளி, இருமல் மட்டும்னு நினைக்காதீங்க. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பு மருத்துவத்தில் இன்னைக்கு விவாதமே இல்லாத விஷயம். பாதரசம் ஆவியாகப் போய் நீரில் இறங்கினால், அங்கே நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். மீனுக்குள் சேரும், அதைச் சாப்பிடும் கர்ப்பிணியின் வழியாகக் கருவில் இருக்கும் குழந்தையின் மூளைக்குப் போகும்.

இதில் எதையாவது இரண்டரை நிமிடத்தில் கண்டுபிடிக்க முடியுமா?

அனல்மின் நிலையப் புகைக்கு, பாதரசம் உட்பட, மத்திய அரசு 2015 டிசம்பரில் வரம்பு வைத்தது. இரண்டு வருடம் கெடு. கெடுவை நீட்டினார்கள், மறுபடி நீட்டினார்கள், மறுபடியும். கடைசியில் 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலக்கரி மின் நிலையங்களுக்குக் கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் கருவியே கட்டாயமில்லை என்று அறிவித்துவிட்டார்கள். பத்து வருடம் இழுத்து, தேர்வையே ரத்து பண்ணின கதை.

சரி, மின் நிறுவனம் ஊர் மக்களின் ஆரோக்கியத்துக்கு உருப்படியாக எதுவுமே செய்ய முடியாதா? முடியும். செய்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1933-ல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சுருக்கமாக டிவிஏ. அணை, மின்சாரம், உரம், காடு வளர்ப்பு, விவசாயப் பயிற்சி எல்லாம் ஒரே அரசு நிறுவனத்தின் கையில். மின்சாரமும் ஊர் வளர்ச்சியும் சேர்ந்தே வரணும் என்ற யோசனைக்கு உலகமே காட்டும் மூத்த உதாரணம். நம் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948-ல் அதைப் பார்த்து அமைந்ததுதான்.

அன்றைக்கு அந்தப் பகுதியில் 30 சதவீதம் பேருக்கு மலேரியா. அணை கட்டினால் நீர் தேங்கும், கொசு பெருகும். டிவிஏ என்ன பண்ணுச்சு? கொசுவலை கொடுத்துப் போட்டோ எடுத்துக்கிட்டு போகலை. மருத்துவர்களையும் பூச்சியியலாளர்களையும் சம்பளத்துக்கு வைத்தது. மக்களின் ரத்தத்தை எடுத்து மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று கணக்கெடுத்தது. ஏரிக்கரைச் செடிகளை வெட்டியது. நீர்மட்டத்தைச் சுமார் ஒரு அடி ஏற்றி இறக்கி, கொசுப்புழுக்களைக் கரையில் காயவிட்டது. அதாவது அணையை இயக்கும் முறையையே மாற்றியது. 1947-க்குள் அந்தப் பள்ளத்தாக்கில் மலேரியா ஏறக்குறைய இல்லாமல் போச்சு.

முகாமுக்கும் பொது சுகாதாரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முதலில் நோயை எண்ணினார்கள். பிறகு தங்கள் இயந்திரத்தைத் திருத்தினார்கள். பிறகு மறுபடி எண்ணினார்கள்.

டிவிஏவைக் கோவிலாக்க வேண்டாம். அணைகளுக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கிளப்பினார்கள். நாரிஸ் என்று அவர்கள் கட்டிய மாதிரி ஊரில் கறுப்பின மக்களுக்கு இடமே கொடுக்கவில்லை. அணையோடு நிற்காமல் நிலக்கரிக்குப் போன பிறகு நடந்தது இன்னும் மோசம். 2008 டிசம்பர் 22, கிங்ஸ்டன் மின் நிலையத்தின் சாம்பல் குளம் உடைந்து, 400 கோடி லிட்டருக்கும் மேல் சாம்பல் சேறு ஆற்றிலும் வீடுகளிலும் பாய்ந்தது. அள்ள வந்த தொழிலாளர்கள் பலர் முகக்கவசம்கூட மறுக்கப்பட்டதாகச் சொல்லி, நுரையீரல் நோயோடும் புற்றுநோயோடும் ஒப்பந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். அந்த நிறுவனம் தன் பாதுகாப்புக் கடமையில் தவறியது, அந்த நோய்களுக்கு அது காரணமாக இருக்கக்கூடும் என்று 2018-ல் ஜூரி சொன்னது. 2023-ல்தான் சமரசம். அதற்குள் எத்தனையோ பேர் செத்துப்போயிருந்தார்கள். ரத்தம் எடுத்து நோய் எண்ணிய அதே நிறுவனத்தின் வளாகத்தில், சாம்பல் அள்ளினவரின் நுரையீரலை எண்ண ஆளில்லை.

இப்போ நெய்வேலிக்குத் திரும்புவோம்.

2020-ல் மே மாதம் ஒரு பாய்லர் விபத்து, ஜூலையில் அதே இரண்டாம் அனல்மின் நிலையத்தில் இன்னொன்று. பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடிக்கிற நெல் வயலுக்குள் மண் அள்ளும் இயந்திரம் இறங்கியதை நாம் எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். அதைப் பார்த்துக் கண்ணீர் வந்தது என்று உயர் நீதிமன்ற நீதிபதி சொன்னார். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று கணக்கானது.

அடுத்த மாதமே பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் சேர்ந்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் எடுத்த நீர் மாதிரிகளில் பாதரசம் உள்ளிட்ட மாசு இருப்பதாகச் சொன்னது அது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கு எடுத்தது. அந்த அறிக்கை முழுக்கச் சரியா என்று விவாதிக்கலாம், தப்பில்லை. என் கேள்வி வேறு. இந்த மாதிரிகளை எடுக்க வெளியிலிருந்து தன்னார்வலர்கள் ஏன் வரணும்? நிலக்கரிக்குக் கீழே இருக்கும் ஊற்றுநீரின் அழுத்தத்தைக் குறைக்காமல் அங்கே சுரங்கமே தோண்ட முடியாது. பல பத்தாண்டாக இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைக்கிற நிறுவனத்துக்குப் பக்கத்து ஊர்க் கிணற்றில் என்ன இருக்கு என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டாமா? தெரியும் என்றால் அதை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட என்ன தயக்கம்?

சுரங்கத்தில் வேலை பார்ப்பவருக்குச் சட்டப்படி குறிப்பிட்ட கால இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை உண்டு. தூசி நோய் வந்தால் டாக்டர் அரசுக்குத் தெரிவித்தே ஆகணும். வேலிக்கு இந்தப் பக்கம், அதே காற்றை இருபத்திநாலு மணி நேரமும் சுவாசிக்கும் பாட்டிக்கும் பேரனுக்கும் அப்படி எந்த உரிமையும் கிடையாது. அவங்களுக்கு இருப்பது முகாம். டானிக் பாட்டில்.

"நீங்களும் கரண்ட் யூஸ் பண்றீங்கதானே டாக்டர்?" ஆமாங்க, பண்றேன். இந்த இழையே சார்ஜ் போட்ட போனில்தான் எழுதறேன். அதனால்தான் கேட்கிறேன். என் வீட்டு மின்கட்டணத்தில் வராத ஒரு செலவை அந்த ஊர்க்காரங்க உடம்பால் கட்டறாங்களா இல்லையா என்று எனக்குத் தெரியணும். ஒருவேளை பாதிப்பே இல்லைன்னு ஆய்வில் வந்தால் நிறுவனத்துக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. முதல் ஆளாக நானே பகிர்வேன்.

"வேலைவாய்ப்பு?" நல்ல விஷயம். நிலம் கொடுத்தவர் வீட்டில் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, எத்தனை பேருக்கு ஒப்பந்தக் கூலி என்பதையும் அதே போஸ்டரில் போடச் சொல்லுங்க.

கேட்பது நிலாவை இல்லை. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கு, சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. சிஎஸ்ஆர் பணத்தில் ஒரு பகுதியை நிறுவனத்தின் கை படாமல் இவர்களிடம் கொடுங்க. சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு குறிப்பிட்ட மக்களைத் தேர்ந்தெடுத்து, வருடாவருடம் அதே ஆட்களின் நுரையீரல் திறன், சிறுநீரகம், குடிக்கும் தண்ணீர், பிறக்கும் குழந்தையின் எடை ஆகியவற்றைப் பார்க்கட்டும். அதே அளவு மக்களை மின் நிலையத்துக்குத் தொலைவிலுள்ள ஊர்களிலும் பார்க்கட்டும். முடிவைத் தமிழில் வெளியிடட்டும். நோய் கண்டுபிடிக்கப்பட்டால் சிகிச்சை, முகாம் நாளில் மட்டும் இல்லாமல், டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் உரிமையாகக் கிடைக்கட்டும்.

நெய்வேலி சுற்றுவட்டாரத்து ஆட்கள் இதைப் படித்தால் ஒன்று செய்யுங்க. சுரங்க விரிவாக்கத்துக்கோ புது யூனிட்டுக்கோ பொது மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், "எங்க ஊருக்கு ரோடு வேணும், சமுதாயக் கூடம் வேணும்" என்று மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் பாதரசம், ஃபுளோரைடு அளவு என்ன, கடைசியாக எப்போது யார் பரிசோதித்தது என்று கேளுங்க. இந்த ஊரில் நெஞ்சுநோய் எத்தனை பேருக்கு, பத்து வருடம் முன்பு எத்தனை பேருக்கு என்று கேளுங்க. அனுமதி நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறுவனம் கொடுக்க வேண்டிய அறிக்கையின் நகலைக் கேளுங்க. கூட்டத்தில் எழுந்த கேள்விகளை எல்லாம் எழுதி, முடிவில் உள்ளூர் மொழியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டணும் என்று 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையிலேயே விதி இருக்கு. அந்த வாசிப்பு முடியும் வரை கிளம்பாதீங்க. உங்கள் கேள்வி அதில் வந்ததா என்று காதால் கேட்டுட்டு எழுந்திருங்க.