அம்மாவின் மறதியை கேம் ஸ்கோர் சொல்லிடுமா?

முதலில் ஒரு வரைபடம் காட்டுவார்கள். அது மறைந்ததும் நினைவை மட்டும் நம்பிப் படகை ஓட்டணும். 2016-ல் வெளியான ‘சீ ஹீரோ குவெஸ்ட்’ கேம் இதுதான். 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடினார்கள். அல்சைமரில் வழி தடுமாறுவது சீக்கிரமே தொடங்கலாம் என்பதால்தான் இந்த ஏற்பாடு. 2019-ல் வெளியான ஆய்வில், அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணு உள்ளவர்கள், அறிகுறியே இல்லாதபோதும், படகைச் சுற்றி வளைத்து ஓட்டியது தெரிந்தது. வழக்கமான நினைவாற்றல் தேர்வில் அது சிக்கவில்லை.

அசத்தல்தான். அதற்காக அம்மா கையில் போனைத் திணிச்சு டெஸ்ட் வைக்காதீங்க. ஸ்வைப் செய்தே பழகாதவருக்கு ஸ்கோர் குறைந்தால், பிரச்சினை மூளையிலா, விரலிலா? ஆய்வாளர்களே தொடக்க லெவல்களை வைத்து, கேம் ஆடும் பழக்கத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிட்டார்கள். பழகின தெருவிலேயே அம்மா வழி தெரியாமல் நிற்கிறாரா? டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.