அந்தத் தம்பியை வெளியே அனுப்பியது நாங்கள்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தாலும் கடைசி வரை படிங்க.

போன வெள்ளிக்கிழமை சாயரட்சை பூஜை. தவில், நாதஸ்வரம், மணி எல்லாம் ஒரே நேரத்தில். இருபது வயது இருக்கும் ஒரு தம்பி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினார். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சத்தமாகச் சொன்னார். வரிசையில் முணுமுணுப்பு. எங்கள் தொண்டூழியர் ஒருவர் போய், "அக்கா, தம்பியைக் கொஞ்சம் வெளியே கூட்டிட்டுப் போறீங்களா, மத்தவங்களுக்கு இடைஞ்சலா இருக்கு" என்றார். அந்த அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. மகன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அர்ச்சனைத் தட்டு அப்படியே கிடந்தது. சீட்டில் தம்பியின் பெயரும் நட்சத்திரமும் இருந்தன.

தப்பு எங்களுடையது. அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

தைப்பூசத்தில் ஒருவர் அருள் வந்து ஆடினால், கத்தினால், நாம் என்ன செய்கிறோம்? வழிவிட்டு, கையெடுத்துக் கும்பிடுகிறோம். இந்தத் தம்பி ஆடினால் மட்டும் இடைஞ்சலா? சன்னதியில் கைப்பேசி அலறினால் யாரையாவது வெளியே அனுப்பியிருக்கோமா?

அதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவு வந்திருக்காது. பூஜைக்கு அப்புறம் அன்னதான வரிசையில் நாங்கள் சாதம் பரிமாறும்போது காதில் விழுந்த பேச்சுதான் எழுத வைக்குது.

"ஏதோ தோஷம், பரிகாரம் செய்யலை போல." "அம்மா வேலைக்குப் போயிட்டாங்க, பிள்ளையைக் கவனிக்கலை."

ஆட்டிசம் வரும் பிள்ளையின் அம்மாவைக் குற்றவாளி ஆக்குவது புதுசு இல்லை. 1950, 60களில் மேல்நாட்டு மருத்துவர்களே "பாசம் இல்லாத தாய்தான் காரணம்" என்று எழுதினார்கள். 1977இல் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்தபோது, மரபணுவுக்குப் பெரிய பங்கு இருப்பது தெரிந்தது. 2019இல் ஐந்து நாடுகளில் 20 லட்சம் பேரின் பதிவுகளை அலசிய ஆய்வும், மரபணுவின் பங்கு சுமார் 80 விழுக்காடு என்றது. தடுப்பூசியால் வருது என்று 1998இல் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றது. மருத்துவர்கள் கைவிட்ட பழியை நாம் ஏன் அன்னதான வரிசையில் சுமந்துக்கிட்டு நிற்கிறோம்?

அடுத்த பேச்சு பக்தியோடு வருவது. அதனால்தான் அதிக ஆபத்து. "குமரகுருபரரே அஞ்சு வயசு வரை பேசலை. செந்தூர் முருகன் பேச வெச்சான். காத்திருங்க, பேசுவான்."

அந்தக் கதையை நாங்களும் மேடையில் சொல்லியிருக்கோம். ஆனா கதையை முழுசாப் பாருங்க. பெற்றோர் வீட்டில் காத்திருக்கவில்லை. பேசாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூர் சன்னதிக்கே போனார்கள். அங்கே யாரும் "வெளியே கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னதாகக் கதையில் இல்லை. அது அருளைச் சொல்லும் கதை. அதை மருத்துவ அட்டவணை ஆக்காதீர்கள்.

ஏன்னா முதல் ஐந்து வருஷம்தான் பேச்சும் பழக்கமும் வேகமா வளரும் காலம். அனுபவமுள்ள மருத்துவர் இரண்டு வயதிலேயே ஆட்டிசத்தை அடையாளம் காண முடியும். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகம் வழியாக கேகே மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ போகலாம். ஆறு வயது வரைக்கும் 'எபிக்' என்ற ஆரம்பகாலத் திட்டம் இருக்கு. பெற்றோரின் பங்கும் பெரிசு. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. சாதாரண சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, பிள்ளை எதைக் காட்டுது, எப்போது பதில் சொல்லணும் என்று பெற்றோரோடு உட்கார்ந்து பார்த்தார்கள். பிள்ளைகள் தாங்களாகவே பெற்றோரிடம் தொடர்பு கொள்வது கூடியது என்று 2015இல் வெளியிட்டார்கள். இது ஆட்டிசத்தை மாற்றும் மந்திரம் இல்லை. ஆனா பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நடுவில் ஒரு வழி திறக்குது. நேர்த்திக்கடன் வேண்டாம் என்று நாங்கள் சொல்லலை. நேர்ந்துக்கோங்க. அதே வாரத்தில் மருத்துவரையும் பாருங்க.

மூன்றாவது: "வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, ரெண்டு மொழி குழப்பும்." இதை நம்பித் தமிழை நிறுத்திய குடும்பங்களை எங்களுக்குத் தெரியும். பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவில் ஒரு சொல்கூட இல்லை. மொண்ட்ரியலில் 75 ஆட்டிசப் பிள்ளைகளைப் பார்த்த ஆய்வு (2012), இரு மொழி கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கூடுதல் தாமதம் எதுவும் இல்லை என்றது. மற்ற ஆய்வுகளும் அதே பக்கம்தான். பாட்டி தாராளமாத் தமிழில் பேசலாம். திருப்புகழும் பாடலாம்.

நாலாவது பேச்சுதான் எங்களை ரொம்பச் சுட்டது. "இவ்வளவு வளர்ந்தாச்சு, இனிமே அவன் என்ன செய்யப் போறான்?"

2019இலிருந்து கட்டாயக் கல்விச் சட்டம் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் பொருந்துது. நல்லது. ஆனா சிறப்புக் கல்விப் பள்ளி 18 வயதிலோ, சில இடங்களில் 21 வயதிலோ முடிஞ்சிடும். மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை எங்கே போவார்? வர்ஜீனியாவில் பள்ளியின் கடைசி வருஷத்தில் இருந்த ஆட்டிச இளையர்களை மருத்துவமனையில் ஒன்பது மாதம் வேலை பழக்கினார்கள், பக்கத்தில் ஒரு பயிற்றுநரோடு. 24 பேரில் 21 பேருக்கு வேலை கிடைத்தது. அந்தப் பயிற்சி கிடைக்காத 16 பேரில் ஒரே ஒருவருக்குத்தான். இரண்டு பக்கத்திலும் இருந்தது ஒரே மாதிரிப் பிள்ளைகள். கிடைத்த வாய்ப்புதான் வேறு.

2030க்குள் வேலை வயதில் இருக்கும் உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் வேலையில் இருக்கணும் என்பது நம் நாட்டின் இலக்கு. அந்த வேலையைக் கொடுக்கப் போவது யார்? நம் கோயில் உபயதாரர்களில் உணவகம், மளிகைக்கடை, கணக்கு அலுவலகம், சரக்குக் கிடங்கு நடத்துபவர்கள் எத்தனை பேர்! கும்பாபிஷேகத்துக்கு அள்ளிக் கொடுக்கும் கை, ஒரு பிள்ளைக்கு ஒரு வேலை கொடுக்க ஏன் தயங்குது? எஸ்ஜி எனேபல் அமைப்பைக் கேளுங்கள், வழி காட்டுவார்கள்.

கோயிலும் தப்பிக்க முடியாது. நிர்வாகத்திடம் மூன்று விஷயம் கேட்டிருக்கோம். மாதம் ஒரு காலை, ஒலிபெருக்கியும் தவிலும் இல்லாமல் ஒரு மணி நேர அமைதி தரிசனம். கூட்டமான நாளில் ஒதுங்கி உட்கார ஒரு மூலை. விபூதிப் பொட்டலம் மடிப்பது, விளக்கு அடுக்குவது, தேங்காய் எண்ணுவது போன்ற சேவைகளில் இந்த இளையர்களுக்கும் பேர் கொடுப்பது. "யோசிக்கலாம்" என்று பதில் வந்திருக்கு. பக்தர்கள் நீங்களும் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டால் சீக்கிரம் யோசிப்பார்கள்.

அக்கா, இதைப் படிச்சா வர்ற வெள்ளிக்கிழமை தம்பியைக் கூட்டிக்கிட்டு வாங்க. அர்ச்சனை சீட்டைப் பத்திரமா எடுத்து வெச்சிருக்கோம். இந்த முறை யாராவது முணுமுணுத்தா, அவங்ககிட்ட நாங்க பேசிக்கிறோம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.