கேட்டவருக்கு ஒரு நூல்

கோடை விடுமுறை நெருங்கும்போது பல்கலைக்கழக விடுதிகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: “ரயிலில் படிக்க ஏதாவது நல்ல புத்தகம் சொல்லுங்களேன்.” கேட்பவர் பெரும்பாலும் இலக்கியத்துறை மாணவர் அல்லர், வேதியியலோ வணிகவியலோ பயில்பவர். ஆண்டுக்கு மூன்று நான்கு நூல்களைக் கைபேசியிலோ கிண்டிலிலோ படித்து முடிப்பவர். இலக்கியம் கற்றவர்களிடமிருந்து அவருக்கு இருவகை விடைகளே கிடைக்கின்றன. முதல்வகை, வாழ்நாளுக்குள் படித்தே தீரவேண்டிய நூறு நூல்கள் என்ற பாணியிலான நீண்ட பட்டியல். இரண்டாம்வகை விடையே அன்று, “இதுவரை என்ன படித்திருக்கிறீர்கள்?” என்று தொடங்கி, அவர் சொல்லும் பெயரைக் கேட்டதும் உதட்டோரச் சிரிப்பில் முடியும் ஒரு தேர்வு. கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். மறுமுறை கேட்பதில்லை. அன்றிரவே கருவியைத் திறந்து, அது முதல் திரையில் காட்டும் ஆங்கிலத் தன்முன்னேற்ற நூலை வாங்கிக்கொள்கிறார்.

இதைப் பொதுவாசகரின் ரசனைக் குறைவு என்று ஆய்வுலகம் எளிதாகச் சொல்லிவிடுகிறது. குறை அங்கே இல்லை. இந்திய மொழிகளில் நூல்கள் இருக்கின்றன. படிக்க விரும்புவோரும் இருக்கின்றனர். இரண்டையும் சேர்த்துவைக்கும் பணியைத்தான், அதைச் செய்யத் தெரிந்தவர்கள் கைவிட்டுவிட்டனர்.

அப்பணிக்கு இந்நாட்டில் ஒரு கோட்பாடே உண்டு. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராகப் பணிபுரிந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன், நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் இரண்டாம் விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்கிறது. மூன்றாம் விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்கவேண்டும் என்கிறது. ஒரே கருத்தைத் திருப்பிச் சொல்வதுபோல் தோன்றினாலும் இவை வெவ்வேறு கடமைகள். முன்னது வாசகரின் பக்கம் நின்று நூலைத் தேடுகிறது. பின்னது, அலமாரியில் தூசி படியும் நூலின் பக்கம் நின்று வாசகரைத் தேடுகிறது. திறந்த அலமாரி, நூற்பட்டியல், வாசகரோடு பேசி அவர் தேவையை அறியும் நூலகர் ஆகிய அனைத்தையும் அரங்கநாதன் இத்தகைய விதிகளிலிருந்தே வருவித்தார். அதே 1931இல் மன்னார்குடியைச் சுற்றிய ஊர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன. நூல் தன் வாசகரைத் தேடிப் போகவேண்டும் என்ற எண்ணத்துக்கு அதைவிடத் தெளிவான உருவம் வேண்டியதில்லை.

இன்று அவ்வண்டியின் இடத்தில் மின்வாசிப்புக் கருவி இருக்கிறது. 2007இல் அமெரிக்காவில் வெளியான கிண்டில் 2012இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. இந்தி, தமிழ், மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழி நூல்களுக்கு அதில் முறைப்படி இடம் கிடைத்தது 2016இன் இறுதியில்தான். அதன் பயனை மறுப்பதற்கில்லை. வாராணசியிலோ ஷில்லாங்கிலோ பயிலும் தமிழ் மாணவர், முன்பு ஊருக்குப் போய்த்தான் வாங்க முடிந்த நாவலை இன்று ஒரு நிமிடத்தில் பெறுகிறார். பார்வை மங்கிய முதியவர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, விட்ட வாசிப்பைத் தொடர்கிறார். காகிதமா திரையா என்ற பழைய வழக்கில் இனிக் காலம் கழிப்பது வீண். கேட்கவேண்டிய கேள்வி வேறு: வண்டி வாசலுக்கு வந்துவிட்டது, அதிலிருந்து நூலை எடுத்து நீட்டுவது யார்?

நீட்டுவது விற்பனைக் கணக்கு. ஒரு நூலை வாங்கியவர்கள் வேறு எவற்றையெல்லாம் வாங்கினார்கள் என்று பொருளுக்குப் பொருள் ஒப்பிட்டுப் பரிந்துரைக்கும் முறையை, அமேசானில் பணியாற்றியோர் 2003இல் ஆய்வுக்கட்டுரையாகவே வெளியிட்டனர். வாசகர்கள் தம் கருத்துகளைப் பதிந்துவந்த குட்ரீட்ஸ் தளத்தை அந்நிறுவனம் 2013இல் வாங்கியது. கருவி, கடை, வாசகர் கருத்து ஆகிய மூன்றும் ஒரே உரிமையாளரிடம் சேர்ந்தன. இதில் சூழ்ச்சி எதையும் தேடவேண்டியதில்லை. பலர் வாங்கிய நூலைப் பற்றி இம்முறை நன்றாகவே அறியும். சிலர் மட்டும் வாங்கிய நூலைப் பற்றி அதனிடம் தரவு இல்லை. தரவு இல்லாததால் அந்நூலைக் காட்டாது. காட்டாததால் எவரும் வாங்கார். வாங்காததால் தரவு சேராது. எட்டாம் அட்டவணையில் மட்டும் 22 மொழிகள் உள்ள நாட்டில், இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கும் நூல்கள் எத்தனை என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இரண்டாம் விதியை இயந்திரம் ஓரளவு நிறைவேற்றுகிறது. மூன்றாம் விதியை நிறைவேற்ற அதற்கு வழியில்லை.

மொழியியல் நோக்கில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. இந்திய மொழி நூல்களின் பெயர்கள் இணையத்தில் பலவேளை ரோமன் எழுத்தில் பதியப்படுகின்றன. தகழி, ஜெயகாந்தன் போன்ற புகழ்பெற்ற பெயர்களுக்கே ரோமன் வடிவங்கள் ஒன்றுக்கு மேல் புழங்குகின்றன. ‘ழ’கரத்தை எப்படி எழுதுவது என்பதில் இன்றும் ஒருமைப்பாடு இல்லை. ஒரே எழுத்தாளர் பதிவேட்டில் இருவராகப் பிரிந்தால் அவருடைய வாசகர்களும் இரு கூட்டமாகப் பிரிகின்றனர். ஏற்கெனவே சிறிதாக இருந்த தரவு இன்னும் சிறுக்கிறது. சொந்த எழுத்தில் தேடினாலும் இடர் முற்றும் நீங்குவதில்லை. ‘மரம்’ என்ற எழுத்துக்கோவையைத் தேடினால் ‘மரத்தில்’ அகப்படாது. வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் ஈறே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தொட்டதும் அகராதி திறப்பது எளிது. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கு’ என்பதைத் தொட்டு ‘வா’ என்ற பகுதியைச் சென்றடைய உருபனியல் பகுப்பாய்வு வேண்டும். இது செய்ய முடியாத பணி அன்று. இத்துறையில் இந்தியப் பல்கலைக்கழகங்களிலேயே ஆய்வேடுகள் பல எழுதப்பட்டுள்ளன. அவற்றின் பயன் பொதுவாசகரின் கைக்கு முழுமையாக வந்துசேரவில்லை என்பதே வருத்தம்.

மனிதப் பரிந்துரை எதைச் செய்ய முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) படித்து மகிழ்ந்த ஒருவர், அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்கிறார். விற்பனைக் கணக்கு அவருக்குக் கி.ரா.வின் பிற நூல்களையோ, அதிகம் விற்கும் வேறு தமிழ் நாவல்களையோ காட்டக்கூடும். இந்திய இலக்கியம் பயின்றவர் ஒருவரோ ஒடியா எழுத்தாளர் ஃபகீர் மோகன் சேனாபதியை நினைவுகூரலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் தொடராக வந்த அவருடைய நாவலில், ராமச்சந்திர மங்கராஜ் என்னும் ஜமீன்தார், பகியா, சாரியா என்னும் நெசவாளத் தம்பதியின் ஆறு ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தைக் கவர்ந்துகொள்கிறார். ஊர்க்கதையைக் குறும்போடு சொல்லும் தொனி இரு நூல்களிலும் உண்டு. அத்தோடு ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: சேனாபதியின் கதைசொல்லி ஜமீன்தாரைப் புகழும்போது அதை அப்படியே நம்பிவிடக் கூடாது, அது வஞ்சப்புகழ்ச்சி. இதை அறியாதவர் தொடக்கத்திலேயே சலித்து நூலை மூடிவிடலாம். அறிந்தவர் சிரித்துக்கொண்டே மேலே செல்வார். கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2005இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று உண்டு என்ற விவரத்தையும் சேர்த்தால் பரிந்துரை நிறைவுபெறுகிறது. இவ்விரு நூல்களையும் வாங்கியவர்கள் மிகச் சிலராகவே இருப்பர். ஆகவே இந்த இணைப்பு கடையின் கணக்கிலிருந்து பிறக்க வாய்ப்பில்லை. இரண்டையும் படித்த ஒருவரின் நினைவிலிருந்துதான் பிறக்கும்.

அச்சுநூல் மட்டுமே இருந்த காலத்தில் பரிந்துரை பெரும்பாலும் இரவலாகவே இருந்தது. நல்லது என்று சொன்னவர் தம் பிரதியையே கொடுத்தார், இரண்டு வாரம் கழித்து “படித்தாயா?” என்றும் கேட்டார். மின்நூலை வாங்குபவர் பெறுவதோ படிப்பதற்கான உரிமம் மட்டுமே. 2009இல், உரிமையில்லாத ஒருவர் விற்பனைக்கு வைத்தார் என்பதற்காக, ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகியவற்றின் பிரதிகள் பணம் கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே நீக்கப்பட்டன. அமேசானின் தலைவர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி, யுஎஸ்பி கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியும் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. கையில் எடுத்துக் கொடுக்க முடியாத நூலுக்குச் சொல் ஒன்றே துணை. எனவே மின்நூற் காலத்தில் பரிந்துரைச் சொல்லின் பொறுப்பு கூடியிருக்கிறதே அன்றிக் குறையவில்லை.

பொதுவாசகரைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் இலக்கிய வரலாற்றுக்கும் பொருந்தாது. 1888இல் வெளியான தேவகி நந்தன் கத்ரியின் ‘சந்திரகாந்தா’, விந்தைகளும் ஒற்றர்களும் நிறைந்த ஒரு கேளிக்கைக் கதை. அதைப் படிப்பதற்காகவே பலர் இந்தி கற்றுக்கொண்டனர் என்று இந்தி இலக்கிய வரலாறுகள் சொல்கின்றன. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ இன்றும் பலருக்கு முதல் தமிழ் நாவல். முதல் நூல் எதுவாகவும் இருக்கலாம். ஒருவர் வாசகராக நிலைப்பதை முடிவு செய்வது அவருக்குக் கிடைக்கும் இரண்டாம் நூல். அதைச் சொல்லக்கூடியவர்கள் உதட்டோரச் சிரிப்போடு நின்றுவிட்டால், அந்த மொழி ஒரு வாசகரை ஓசையின்றி இழக்கிறது.

ஆய்வாளர் பரிந்துரைப்பது ரசனையைத் திணிப்பதாகாதா என்று கேட்கலாம். நியாயமான அச்சமே. சாதியாலும் பாலினத்தாலும் வட்டாரத்தாலும் பாடத்திட்டங்கள் ஒதுக்கிவைத்த நூல்கள் பல. ஆயினும் கற்றவர் விலகிக்கொள்வதால் திணிப்பு ஒழிவதில்லை. விற்பனைக் கணக்கின் திணிப்பு மட்டும் எஞ்சுகிறது. கணக்கோடு வாதாட இயலாது. மனிதரோடு இயலும். “நீங்கள் சொன்ன நூல் எனக்குப் பிடிக்கவில்லை” என்று திரும்பிவந்து சொல்லலாம். அவ்வுரையாடலில் சொன்னவரின் ரசனையும் திருந்தக்கூடும்.

செய்யவேண்டியது பெரிதன்று. கேட்பவர் கடைசியாக முழுதும் படித்த நூல் எது, அதில் எது பிடித்தது என்பதை மதிப்பெண் போடாமல் கேட்டறியலாம். பத்துப் பெயர்கள் வேண்டாம், ஒன்று போதும். அந்நூல் அவருக்கு ஏன் பொருந்தும் என்பதற்கு ஒரு காரணம், எந்த இடத்தில் தொய்வு வரும் என்பதற்கு ஓர் எச்சரிக்கை, எந்தப் பதிப்பு அல்லது மொழிபெயர்ப்பு என்ற விவரம் ஆகியவற்றோடு அதைச் சொல்லலாம். பழைய தமிழ் நூலானால், 1998 முதல் நூல்களை இலவசமாக மின்வடிவில் தந்துவரும் மதுரைத் திட்டத்தைச் சுட்டலாம். சமூக ஊடகத்தில் எழுதும்போது நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் அந்தந்த மொழியின் எழுத்திலேயே பிழையின்றி எழுதலாம். பின்னர் தேடி வருபவருக்கு அதுவே தடம். ஆய்வேட்டின் இறுதியில் நூற்றுக்கணக்கான நூல்களை அகரவரிசையில் அடுக்கத் தெரிந்தவருக்கு, வேதியியல் மாணவர் ஒருவருக்கு ஒரு நூலைத் தேர்ந்து சொல்வது இயலாத செயல் அன்று.

விடுமுறைக்கு ரயிலேறும் அம்மாணவரிடம் கருவி இருக்கிறது, நேரமும் இருக்கிறது, தம் மொழியில் படிக்கும் விருப்பமும் இன்னும் எஞ்சியிருக்கிறது. அவர் கேட்கும்போது ஒரு நூலின் பெயரோடு விடை சொல்வது இலக்கியமும் மொழியும் கற்றவர்களின் கடமை. விடுமுறை முடிந்து திரும்பியதும் “படித்தீர்களா?” என்று கேட்பதும் அக்கடமையில் அடங்கும்.