கழிவு யாருக்கு, காசு யாருக்கு?

ஒரு தொழிலின் கழிவு இன்னொரு தொழிலின் மூலப்பொருள் என்பதை இன்று மாநாடு போட்டுப் பேசுகிறார்கள். "சுழற்சிப் பொருளாதாரம்" என்று அதற்குப் பெயரும் சூட்டிவிட்டார்கள். டென்மார்க் நாட்டின் கலுண்ட்போர்க் நகரில், மின் நிலையத்தின் நீராவியைப் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும், புகையிலிருந்து பிரித்த ஜிப்சத்தைச் சுவர்ப்பலகை ஆலைக்கும் கொடுத்ததை உதாரணம் காட்டுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? சயான் ஸ்டேஷனில் இறங்கித் தாராவிக்குள் நடந்து பாருங்கள். மும்பை நகரம் தூக்கியெறிந்த பிளாஸ்டிக், பதின்மூன்றாம் காம்பவுண்டுக்கு மூட்டை மூட்டையாக வருகிறது. ஒரு கொட்டகையில் நிறம், ரகம் பிரிக்கிறார்கள். அடுத்ததில் அரைக்கிறார்கள். கழுவிக் கூரைமேல் காயப்போட்டு, இன்னொரு இடத்தில் உருக்கித் தாணாவாக வெட்டுகிறார்கள். அந்தத் தாணா மீண்டும் ஆலைக்குப் போய் வாளியாகவும் நாற்காலியாகவும் திரும்புகிறது. காலி எண்ணெய் டின்கள் கழுவி, தட்டி நிமிர்த்தப்பட்டு மறுபடி விலைக்குப் போகின்றன. துணி ஆலைகளின் பஞ்சுக் கழிவு கும்பார்வாடாக் குயவர்களின் சூளையில் எரிகிறது.

இந்தச் சங்கிலியை எந்த அரசும் திட்டமிட்டுத் தரவில்லை. ஊரைவிட்டு வந்த ஏழைகள் கட்டியது இது.

ஆனால் பலன் யாருக்கு? பிளாஸ்டிக் உறை விற்கும் கம்பெனிகள், அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு 2022இல் விரிவான விதி வகுத்தது. அதற்கான சான்றிதழைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் மட்டுமே வழங்க முடியும். சான்றிதழுக்கு விலை உண்டு. பதிவில்லாத கொட்டகையில் நாள் முழுவதும் தரம் பிரிக்கும் தாய்மாருக்கு அதில் ஒரு பைசா உண்டா? சான்றிதழ் ஒருவருக்கு, தூசி இன்னொருவருக்கு!

இப்போது கொட்டகைக்கே ஆபத்து. தாராவி மறுசீரமைப்பு ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2023 ஜூலையில் மாநில அரசு பணியை ஒப்படைத்தது. மாசுபடுத்தாத, தகுதியுள்ள தொழில்களுக்கே தாராவிக்குள் இடம் என்கிறார்கள். இலவச வீடும் 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கே. கீழே பட்டறை, மேலே பரணில் படுக்கை என்று வாழ்பவர்கள் எங்கே போவது?

சங்கிலியில் ஒரு கண்ணியைக் கழற்றினால் என்ன ஆகும் என்பது நமக்குப் புதிதல்ல. 1971இல் இறைச்சிக்கூடம் பாந்திராவிலிருந்து தேவனாருக்குப் போயிற்று. பின்னர் பதனிடும் தொட்டிகளும் தாராவியைவிட்டுப் போயின. நெல்லைச் சீமையிலிருந்து வந்து தோல் ஷாப்பில் உழைத்த நம் பெரியவர்களைக் கேளுங்கள். பையும் பெல்ட்டும் தைக்கும் வேலைதான் மிஞ்சியது. 2015இல் காளை, எருது வெட்டவும் தடை வந்தபோது அந்தத் தோல் தொழில் மேலும் நலிந்தது.

தாராவி சொர்க்கம் என்று நாம் வாதாடவில்லை. உருக்கும் புகை நுரையீரலைத் தின்கிறது. கையுறை இல்லை, முகமூடி இல்லை. விபத்து நடந்தால் நாதியில்லை. மாசு என்று விரட்டுவது இதற்கு மருந்தாகாது. புகைபோக்கி, பொதுக் கழுவுநிலையம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றை இங்கேயே அமைத்துக் கொடுப்பதே மருந்து. கொட்டகைகளை நாலா திசைக்கும் பிரித்து எறிந்தால், வண்டிக் கூலியிலேயே தொழில் செத்துப்போகும்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. பட்டறைகள் ஒன்றாக, அருகருகே இருக்க இடம் வேண்டும். சிறு பட்டறைகள் கூட்டுறவாகச் சேர்ந்து மறுசுழற்சிப் பதிவு பெற வழி வேண்டும். தரம் பிரிப்பவர் முதல் மூட்டை தூக்குபவர்வரை ஒவ்வொரு தொழிலாளியும் பெயரோடு பதிவேட்டில் ஏற வேண்டும்.

ரேஷன் கார்டு, மின் ரசீது, வாடகைச் சீட்டு எதையும் தொலைக்காதீர்கள். பட்டறைத் தோழர்கள் எந்த மாநிலத்தவர், எந்த மொழியினர் என்று பாராமல் ஒன்றாக நில்லுங்கள். நகரத்தின் குப்பையைச் செல்வமாக்கிய கைகளை அந்தக் குப்பையோடு சேர்த்து வாரிக்கொட்ட விடமாட்டோம்!