அஞ்சே நிமிஷம் சார்!

ஹோட்டல்ல சாப்பாடு சுமாரா இருந்தா எனக்குப் பெரிசா கோபம் வராதுங்க. மாஸ்டருக்கு ஒரு நாள் கை தவறும், உப்பு கூடும். அதெல்லாம் நம்ம வீட்டுலயும் நடக்கறதுதான். விலை ஜாஸ்தின்னாலும், மெனு கார்டுல போட்டிருந்தா அப்புறம் பேச ஒண்ணும் இல்லை. எனக்குப் பத்திக்கிட்டு வர்றது ஒரே ஒரு வார்த்தைக்குத்தான். "அஞ்சே நிமிஷம் சார்!"

சரி, மேட்டருக்கு வருவோம். போன மே மாசம் குடும்பத்தோட கொடைக்கானல். அப்பா, அம்மா, தங்கமணி, அக்கா, அக்கா பசங்க ரெண்டு பேரு, நான்னு மொத்தம் ஏழு டிக்கெட். பகல் முழுக்க தூண் பாறை, கோக்கர்ஸ் வாக், ஏரியைச் சுத்தி சைக்கிள்னு நல்லாத்தான் போச்சு. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட ஒரு ஹோட்டலுக்குள்ள நுழைஞ்சோம். பேர் வேண்டாம், விஷயம் அந்த ஒரு கடையைப் பத்தினது இல்லை. வாசல்ல முப்பது நிமிஷம் நின்னு டேபிள் பிடிச்சாச்சு. மெனு கார்டைப் பாத்தா பனீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், நெய் ரோஸ்ட், பிரியாணி, பீட்சா வரைக்கும் எல்லாம் இருக்கு.

ஆர்டர் குடுக்கும்போதே அம்மா சர்வர்கிட்ட தெளிவா கேட்டாங்க. "தம்பி, நான் சுகர் மாத்திரை போடணும். சாப்பாடு வர எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?"

"இருபது நிமிஷம்மா, வந்துரும்."

அந்த நம்பிக்கையில மாத்திரையைப் போட்டுட்டாங்க. இருபது நிமிஷம் ஆச்சு, நாப்பதும் ஆச்சு. கேட்டா "அஞ்சே நிமிஷம் சார்". மறுபடி கேட்டா "இதோ எடுத்துட்டாங்க சார், அஞ்சே நிமிஷம்". ஒரு மணி நேரம் தாண்டின பிறகு பாத்தா, ஊரே ஸ்வெட்டர் போட்டு நடுங்கற குளிர்ல அம்மாவுக்கு மட்டும் நெத்தியில வேர்க்குது. கை நடுங்குது. அக்கா ஓடிப்போய் கவுன்டர்ல சர்க்கரை வாங்கி, தண்ணியில கலக்கிக் குடுத்தா. பத்து பதினஞ்சு நிமிஷத்துல தெளிஞ்சாங்க. நல்லவேளை.

கடைசியா சாப்பாடு வந்தப்போ மணி பத்தே கால். சப்பாத்தி அப்பளம் மாதிரி. ஃப்ரைட் ரைஸ் ஆறிப்போயிருந்துச்சு. பசங்க கேட்ட நூடுல்ஸ் "தீந்துருச்சு சார்"னு அப்பத்தான் சொல்றாங்க. சின்னவன் அதுக்குள்ள டேபிள்லயே தூங்கிட்டான். ஆனா பில் மட்டும் ரெண்டே நிமிஷத்துல வந்துச்சு. அதுல சர்வீஸ் சார்ஜ் வேற :-)

சர்க்கரை நோய்க்குக் குடுக்கற மாத்திரைகள்ல ஒரு வகை இருக்கு. வயித்துல சோறு இருக்கா இல்லையான்னெல்லாம் அது பாக்காது, கணையத்தை இன்சுலின் சுரக்க வெச்சுடும். சாப்பாடு நேரத்துக்கு வரலைன்னா ரத்தத்துல சர்க்கரை இறங்கும். 70 மில்லிகிராமுக்குக் கீழே போனா லோ சுகர். கவனிக்காம விட்டா மயக்கம் வரைக்கும் போகும். நம்ம ஊர்ல சுகர் இல்லாத வீடே அபூர்வம். அதனால அந்த "இருபது நிமிஷம்"கறது சும்மா வாய்க்கு வந்த நம்பர் இல்லீங்க. ஒருத்தர் அதை நம்பித்தான் மருந்து சாப்பிடறார்.

பில்லுல இருக்கற ஒவ்வொரு ரூபாய்க்கும் சட்டம் இருக்கு. ஹோட்டல் சாப்பாட்டுக்கு 2017 நவம்பர் 15-லேர்ந்து பொதுவா ஜிஎஸ்டி 5 சதவீதம். சர்வீஸ் சார்ஜை அவங்களா பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல வழிகாட்டுதல் போட்டுச்சு. ஹோட்டல் சங்கங்கள் எதிர்த்து கோர்ட்டுக்குப் போனப்போ, அந்த வழிகாட்டுதல் செல்லும்னு டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-ல சொல்லிடுச்சு. புகார் பண்ண 1915-னு ஒரு நம்பர் கூட இருக்கு. நானும் இதைச் சொன்னேன், சத்தமில்லாம எடுத்துட்டாங்க. காசு திரும்பக் கிடைச்சிருச்சு. அந்த ஒண்ணரை மணி நேரத்தை யார்கிட்ட கேக்கறது? அதுக்கு இருக்கற ஒரே உத்தரவாதம் சர்வர் சொல்ற வார்த்தைதான். அதுவும் பொய்யின்னா?

உடனே சர்வர் பையனைத் திட்டாதீங்க. அவன் பாவம், ஆறு டேபிளுக்கு ஓடறான். உள்ள எத்தனை ஆர்டர் நிக்குதுன்னு அவனுக்கே தெரியாது. "ஒரு மணி நேரம் ஆகும்"னு உண்மையைச் சொன்னா கஸ்டமர் எழுந்து போயிடுவார், முதலாளி அவனைத்தான் கேப்பார். பொய் சொல்லச் சொல்லி யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. ஆனா உண்மை சொல்ற தைரியத்தையும் யாரும் குடுக்கலை.

பொட்டி தட்டறவன் புத்தி, இதுல ஒரு கணக்கு வரும். வரிசைகளைப் பத்தி லிட்டில் விதின்னு ஒண்ணு இருக்கு. ஜான் லிட்டில்ங்கறவர் 1961-ல நிரூபிச்சது. ரொம்ப சிம்பிள். உள்ள காத்திருக்கற ஆளுங்க எண்ணிக்கையை, ஒரு மணி நேரத்துல எத்தனை பேருக்கு வேலை முடியுதோ அதால வகுத்தா காத்திருக்கற நேரம் வந்துடும். கிச்சன்ல ஒரு மணிக்கு 40 தட்டுதான் வெளிய வரும், ஹால்ல 60 பேர் உக்காந்திருக்காங்கன்னு வெச்சுக்குங்க. ஒண்ணரை மணி நேரம். அவ்வளவுதான். இதுக்கு கம்ப்யூட்டரே வேண்டாம், கல்லால உக்காந்திருக்கறவருக்கு வாய்க்கணக்கு. நாற்காலி காலியா இருக்குன்னு ஆளை உக்கார வெக்கறதுதான் பிரச்சனையே. கடையோட கொள்ளளவு நாற்காலியில இல்லை, அடுப்புல இருக்கு.

மலைமேல கடை நடத்தறது கஷ்டம்தான், ஒத்துக்கறேன். சீசன் ரெண்டு மூணு மாசம், அதுல சம்பாதிச்சுத்தான் மழைக்கால மாசங்களைத் தள்ளணும். சாமானெல்லாம் வத்தலக்குண்டு பக்கத்துலேர்ந்து கொண்டை ஊசி வளைவு ஏறி வரணும். 2100 மீட்டர் உயரத்துல தண்ணி சுமார் 93 டிகிரியிலயே கொதிச்சுடும், அதனால அரிசி பருப்பு வேக கீழ ஆகறதை விட நேரம் எடுக்கும். எல்லாம் நியாயம். ஆனா இந்த ஒவ்வொரு காரணமும் மெனுவைச் சுருக்குன்னுதான் சொல்லுது. அவங்க நீட்டிக்கிட்டே போறாங்க. பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு அந்த மலையிலயே விளையுது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. அந்தப் பூண்டுல ஒரு குழம்பு, பீன்ஸ் பொரியல், சூடா ரசம், சோறு. இதுக்கு யார் வேண்டாம்னு சொல்லப் போறா?

இதே மலையோட அடிவாரத்துல பழனியில பாருங்க. 2012-லேர்ந்து முருகன் கோயில்ல நாள் முழுக்க அன்னதானம் நடக்குது. அங்க மெனு கார்டு கிடையாது. பந்தி போடறாங்க, இலை விழுது, பரிமாறறாங்க, சாப்பிட்டு எழுந்ததும் அடுத்த பந்தி. கியூ நீளமாத்தான் இருக்கும், ஆனா நகர்றது கண்ணுக்குத் தெரியும். உக்காந்துட்டா சோறு நிச்சயம். நம்ம கல்யாண வீட்டுலயும் ஆயிரம் பேர் இப்படித்தானே சாப்பிட்டுப் போறாங்க? கூட்டத்துக்குச் சோறு போடறது நமக்குப் புதுசா யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காசு வாங்கிட்டுப் போடும்போது மட்டும் மறந்துடுது.

மலைக்கே இப்ப கணக்கு வந்தாச்சு. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லேர்ந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ். 2025 ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும் கொடைக்கானலுக்கு வார நாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறுல 6000 வண்டின்னு வரம்பும் வெச்சாங்க. இந்த ரோடு, இந்தத் தண்ணி, இத்தனை பேரைத்தான் தாங்கும்னு ஒரு ஊரைப் பத்தி வெளிப்படையா பேச முடியுது. ஒரு அடுப்பைப் பத்திப் பேச முடியாதா?

ஹோட்டலுக்கும் பாஸ் போடுங்கன்னு சொல்ல வரலை. வாசல்ல ஒரு சிலேட்டு மாட்டுங்க. "இப்ப ஆர்டர் குடுத்தா ஒரு மணி நேரம் ஆகும்." தீந்துபோன ஐட்டத்தை அதுலயே அடிச்சு விடுங்க. சீசன்ல மட்டும் நாலே நாலு ஐட்டம் வெச்சு ஒரு சின்ன கார்டு அடிங்க. செலவுன்னு பாத்தா சிலேட்டும் சாக்பீஸும்தான். சில பேர் படிச்சுட்டுப் பக்கத்து பேக்கரியில பன்னும் டீயும் சாப்பிடப் போயிடுவாங்க, போகட்டும். உக்காந்தவங்க தெரிஞ்சே உக்காருவாங்க, பசிச்ச வயித்தோட உங்க மேல கோபப்பட மாட்டாங்க. ருசி கூட அப்புறம்தான் மொதலாளி. முதல்ல மணியை ஒழுங்கா சொல்லுங்க.