ஊரார் படிக்கவொண்ணா ஊராய்வு

மதுரையைச் சூழ்ந்த சமவெளி கண்மாய்களால் ஆகிய நிலம். வையையாற்று நீரும் வானத்து நீரும் கண்மாயில் தேங்கி, மடைவழியே வயலுக்குப் பாய்ந்து, மிகுந்தது கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு இறங்கும். இவ்வமைப்பைக் கட்டியவரும் காத்தவரும் பட்டம் பெற்றவரல்லர், ஊரார். அவ்வூராரிடம் கற்கவே இன்று கல்லூரி மாணவர் தொண்டமைப்புகளின் வழியாகச் சிற்றூர்களுக்குச் செல்கின்றனர். கற்றதை அவர்கள் எம்மொழியில் எழுதுகின்றனர்? எவர்க்காக எழுதுகின்றனர்? இவையே இன்று கேட்கப்பட வேண்டிய வினாக்கள்.

மாணவர் ஊர்செல்லும் வழக்கம் இப்பகுதிக்குப் புதியதன்று. 1947 இல் மருத்துவர் சவுந்தரமும் இராமச்சந்திரனாரும் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். 1956 இல் ஆங்கே ஊரகக் கல்வி நிலையம் எழுந்தது. 1969 இல் நாட்டு நலப்பணித் திட்டம் கல்லூரிகளுக்குள் வந்தது. ஏழு நாள் ஊர்த்தங்கல் அதன் கூறாயிற்று. 1997 இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தானம் அறக்கட்டளை தோன்றியது. மகளிர் சேமிப்பு அமைப்புகளுக்குக் ‘களஞ்சியம்’ என்றும், கண்மாய் காக்கும் உழவர் அமைப்புகளுக்கு ‘வயலகம்’ என்றும் அங்கு வழங்கும் பெயர்கள் பாராட்டத்தக்கன. படியாத பாட்டியும் அப்பெயரைக் கேட்ட அளவிலேயே அது தன்னுடையது என்று உணர்வாள். தொண்டு ஊராரின் மொழியில் நடைபெறல் இயலும் என்பதற்கு இவையே சான்று.

ஆயின், ஊர்ப்பயிற்சிக்குச் செல்லும் மாணவர் எழுதும் ஏடு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றது. முதியவரான நீர்பாய்ச்சி ஒருவர் கரைமேல் அமர்ந்து, எம்மடை முன் திறக்கும், கடைமடைக்கு நீர் எந்நாள் சேரும், தமக்குரிய கூலியை நெல்லாகப் பெற்ற பழவழக்கம் யாது என்றெல்லாம் பொறுமையுடன் விளக்குகின்றார். மாணவர் அதனைக் குறித்துக்கொண்டு மீள்கின்றார். மடை, தூம்பு, குமிழி என்னும் மூன்றும் ஆங்கில ஏட்டில் ஒரே சொல்லாய்ச் சுருங்குகின்றன. ஏடு மதிப்பெண் பெற்றுக் கல்லூரிப் பேழையுள் உறங்குகின்றது. சொன்னவர் அதனைக் கண்டதுமில்லை. கண்டாலும் படிக்க இயலாது. அதில் பிழையிருப்பின் திருத்த வல்லவர் அவரொருவரே. அவர்க்கே அவ்வேடு பூட்டப்பட்டுள்ளது! அவர் மறைந்தால் அச்சொற்களும் அவரோடு மறையும்.

மேற்கு மலைச்சாரலில் வாழும் பளியர் நிலையும் இதுவே. தேனெடுத்தும் கிழங்ககழ்ந்தும் வாழ்ந்த அம்மக்களிடையே 1960களில் தங்கி ஆராய்ந்தவர் அமெரிக்க மாந்தவியலார் பீட்டர் கார்ட்னர். அவர் ஆங்கிலத்தில் நூலெழுதினார், தம் நாட்டார்க்குத் தம் மொழியில் எழுதினார், அதில் குறையொன்றுமில்லை. தமிழ் மாணவரோ, தமிழ் பேசும் மக்களிடம் தமிழிலேயே கேட்டுத் தமிழர் படிக்கவொண்ணா மொழியில் எழுதுகின்றார். அயலார் செய்தால் அஃது ஆராய்ச்சி. உடன்பிறந்தார் செய்தால் அதற்கு என்ன பெயர்?

கடல்கடந்த குவாத்தமாலா நாட்டைப் பார்க்க. அங்குள்ள மாயன் மக்கள் கிச்சே, மாம் முதலிய இருபதுக்கும் மேற்பட்ட தம் மொழிகளைப் பேசுவோர். அவர்தம் ஊர்களில் தொண்டாற்ற வரும் வெளிநாட்டு மாணவர் பலர் முதற்கண் கற்பது எசுப்பானியமே. அஃது ஆண்டவர் மொழி. ஆயினும் மாயன் மக்கள் வாளாவிருந்திலர். 1987 இல் தம் மொழிகளுக்கெல்லாம் ஒருங்கமைந்த எழுத்துமுறைக்கு அரசின் ஏற்பைப் பெற்றனர். 1990 இல் மாயன் மொழிக் கழகம் சட்டத்தால் நிறுவப்பட்டது. 2003 இல் அம்மொழிகளை நாட்டின் மொழிகளாக ஏற்ற சட்டமும் வந்தது. எழுத்துமுறைக்கே போராட வேண்டியிருந்த மக்கள் இத்துணை செய்தனர். ஈராயிரம் ஆண்டு எழுத்துடைய தமிழர்க்குத் தம் ஊரைத் தம் மொழியில் எழுதுவதற்குத் தடை யாது?

கொடையாளர் ஆங்கிலம் கேட்கின்றனர், வேலை தருவோரும் கேட்கின்றனர் என்பர் சிலர். கேட்கட்டும். அவர்க்கு ஒரு மொழிபெயர்ப்பு அனுப்பின் போதும். மூலம் ஊராரின் மொழியில் இருத்தல் வேண்டும் என்பதே வழக்கு. பொருள் கொடுப்பவர்க்குக் கணக்குக் காட்டுவது கடன். அறிவு கொடுத்தவர்க்குக் காட்டுவது அதனினும் பெரிய கடன்.

செய்ய வேண்டியது அரிதன்று. ஊர்ப்பயிற்சி ஏடு தமிழில் எழுதப்படுக. மதிப்பெண் இடுமுன் அவ்வேடு ஊர்ப் பொதுவிடத்தில் உரக்கப் படிக்கப்படுக. ஊரார் காட்டும் பிழை திருத்தப்படுக. ஊர்ச்சொற்கள் பொருளோடு தொகுக்கப்பட்டு இறுதியில் இணைக்கப்படுக. படியொன்று அவ்வூர்ப் பள்ளியிலேயே வைக்கப்படுக. இதற்குப் புதிய சட்டமோ பெரும்பொருளோ வேண்டா. துறைத்தலைவர் ஒருவர் துணிந்தாலே போதும்.

அவ்வாறு செய்யும் நாளில் மாணவர் ஊர்க்கு உதவ வந்த மேலோராக அன்றி, ஊரிடம் கற்க வந்த பிள்ளையாக நிற்பார். கரையில் அமர்ந்த முதியவர் தம் சொல் தாளில் ஏறியதைத் தம் செவியால் கேட்பார். “இஃது இவ்வாறன்று” என்று திருத்தவும் செய்வார். அத்திருத்தமே மெய்யான கல்வி. கண்மாய் நீர் கடைமடை வரை பாய்ந்தால்தான் வேளாண்மை. கற்ற கல்வியும் கடைமடையில் நிற்பவரைச் சென்று சேர்தல் வேண்டும்!